ட்ராக் 07 பாடினது யார்?

"128 கேபிபிஎஸ் எல்லாம் ஒரு பாட்டா மச்சான்?" என்று கேட்கிற கூட்டம் ஒன்று கொழும்பில் கூடிக்கொண்டு வருகுது. காரில் ஏறுவார்கள். செட்டுக்குள் பழைய சிடி ஒன்று சுத்திக்கொண்டு இருக்கும். டிஸ்க்கின் மேல் நீல மார்க்கரால் 'மிக்ஸ் 4' என்று யாரோ எழுதியிருப்பார்கள். ரெண்டாவது பாட்டு முடிய முதலே முகத்தைச் சுளிச்சு, "ப்ளூடூத் போடட்டா, என்னட்ட லொஸ்லெஸ் இருக்கு" என்பார்கள். இந்தக் கட்டுரை முதலில் அவர்களுக்கு. பிறகு, மேடை கிடைச்ச இடமெல்லாம் "கள்ள சிடிதான் எங்கட கலைஞர்மாரை அழிச்சது" என்று பேசுகிற பெரியவர்களுக்கு. கடைசியாக, கார் டோரில் கிடந்த அந்த டிஸ்க்குகளை ஒரு பையில் அள்ளி போத்தல் பேப்பர்காரருக்குப் போடுகிற எங்கட வயசுக்காரருக்கு. அவர்களோடுதான் எங்களுக்குப் பெரிய சண்டை.

சத்தத்தின் கதையை முதலில் முடிச்சுவிடுவோம்.

கடையில் விற்கிற இசை சிடியில் ஒரு செக்கனுக்கு 1411 கிலோபிட் ஓடுது. 128இல் அடிச்ச எம்பி3யில் அதில் பதினொன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். சரி, மற்றப் பத்துப் பங்கும் எங்கே போச்சு? ஒரு பெரிய சத்தத்தோடு ஒட்டி வருகிற சின்னச் சத்தம் மனுசக் காதுக்குக் கேட்காது. கேட்காததைத் தூக்கி எறியலாம் என்பதுதான் எம்பி3யின் அடிப்படை. ஜெர்மனியில் ஃப்ரவுன்ஹோஃபர் நிறுவனத்துக்காரர்கள், கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பேர்க் போன்றவர்கள், வருஷக்கணக்காக இருந்து எது கேட்கும் எது கேட்காது என்று பார்த்தார்கள். சுசான் வேகா வாத்தியமே இல்லாமல் பாடின 'டொம்ஸ் டைனர்' பாட்டை பிராண்டன்பேர்க் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டது பேர்போன கதை. தனிக் குரலில் பிழை இருந்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். 1995 ஜூலையில்தான் அந்தக் கோப்புக்கு எம்பி3 என்ற வாலே வந்தது.

இப்ப அந்தப் பாட்டை அளுத்மாவத்தையில் பின்னேரம் ஐந்து மணிக்குப் போடுங்க. முன்னால் துறைமுகத்துக்குப் போற கன்டெய்னர் லொறி, பக்கத்தில் ஹோர்னில் கைய வச்சபடி ஒரு பிரைவேட் பஸ், ஜன்னல் பாதி திறந்திருக்கு, ஏசி வேலை செய்யாது. எம்பி3 எறிந்த அந்த மெல்லிய சத்தம் எல்லாத்தையும் இந்த வீதி ஏற்கெனவே விழுங்கிவிட்டது. லொஸ்லெஸ் போட்டிருந்தாலும் விழுங்கியிருக்கும். த்ரீவீலில் என்றால் சொல்லவே வேணாம். பின் சீட்டுக்குப் பின்னால் ரெண்டு ஸ்பீக்கரைப் பொருத்தி வச்சிருக்கிற அண்ணாவுக்கு 16 கிலோஹேர்ட்ஸுக்கு மேலே என்ன இருக்கு என்ற கவலை இல்லை. அவருக்கு பேஸ் வந்தால் போதும், எஞ்சினை மீறிக் குரல் கேட்டால் போதும்.

இதுல பகிடி என்னவென்றால், லொஸ்லெஸ்காரர் போனில் இருந்து ப்ளூடூத்தால்தானே அனுப்புகிறார்? சாதாரண கார் செட்டில் ப்ளூடூத் என்றால் அநேகமாக எஸ்பிசி என்ற கோடெக். அது பாட்டை வழியிலேயே மறுபடி சுருக்கி, நல்லா இருந்தால் 328 கேபிபிஎஸ் அளவில்தான் கொண்டுவந்து சேர்க்கும். மாசாமாசம் காசு கட்டி முழுசாக வாங்கின பாட்டை போனுக்கும் டேஷ்போர்டுக்கும் இடையில் உள்ள ரெண்டு அடி தூரத்தில் நறுக்கிப் போட்டுவிட்டு எங்களுக்குப் பாடம் எடுக்கிறார். எஃப்எம் ரேடியோவும் அப்படித்தான். அதன் ஒலி 15 கிலோஹேர்ட்ஸோடு நின்றுவிடும், அந்த முறையே அப்படி அமைஞ்சது. எஃப்எம் கேட்டுவிட்டு "சுருக்கின சத்தம்" என்று யாரும் மூக்கைச் சுளிச்சதை நாங்கள் கண்டதில்லை. கையால் எழுதின டிஸ்க்கைக் கண்டால் மட்டும் சுளிப்பு வருகுது. அது காதுப் பிரச்சினை இல்லை, அந்தஸ்துப் பிரச்சினை.

அவர்கள் சொல்கிற ஒரு விஷயம் சரி, அதையும் சொல்லிவிட வேணும். சில டிஸ்க்குகள் உண்மையிலேயே கேட்க முடியாது. சிம்பல் அடிச்சால் மணலை வறுக்கிற மாதிரி இருக்கும். அதற்குக் காரணம் 128 இல்லை. யாரோ கசெட்டில் இருந்து 64இல் எடுத்து, இன்னொருவர் அதை 128இல் திரும்ப அடிச்சு, மூன்றாவது ஆள் அதையே 320 ஆக்கி 'ஹை குவாலிட்டி' என்று பெயர் வச்சதுதான் காரணம். ஒருமுறை எறிந்ததைத் திரும்பக் கொண்டுவர முடியாது. தேத்தண்ணியைப் பெரிய கோப்பைக்கு மாத்தினால் தேத்தண்ணி கூடாது. ஒடாசிட்டியில் பாட்டைத் திறந்து ஸ்பெக்ட்ரம் பாருங்க. 320 என்று சொல்கிற கோப்பு 16 கிலோஹேர்ட்ஸில் கத்தியால் வெட்டின மாதிரி நின்றால், அது வேஷம் கட்டின 128ஆக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இன்னொரு குழப்பமும் இருக்கு. கோப்பின் அளவைச் சுருக்குவது ஒன்று. பாட்டின் மெல்லிய இடத்தையும் உரத்த இடத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருகிற சுருக்கம் வேறொன்று. ரெண்டுக்கும் 'கொம்ப்ரெஷன்' என்றே பெயர் இருக்கிறதால் ரெண்டையும் ஒன்றாக வச்சுத் திட்டுகிறார்கள். ஓடுகிற வண்டியில் ரெண்டாவது சுருக்கம் உதவிதான், வீணையின் மெல்லிய இடம் எஞ்சினுக்குள் மறைந்து போகாது.

சரி. கொழும்புக் கார்களில் டிஸ்க் ஏன் இவ்வளவு காலம் நின்றது என்று யோசிச்சீங்களா? பதில் ஜப்பானில் இருக்கு. எங்கட வீதியில் ஓடுகிற கார்களில் பெரும் பகுதி ஜப்பானில் ஓடி முடிஞ்சு இங்கே வந்த ரீகண்டிஷன் கார்கள். ஸ்டார்ட் பண்ணினவுடன் ஜப்பான் அக்கா ஒருத்தி மரியாதையாக ஏதோ சொல்லுவா. என்ன சொல்றா என்று வண்டிச் சொந்தக்காரருக்கு இன்றுவரை தெரியாது. அந்தச் செட்டுகளின் எஃப்எம் அலைவரிசை 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரைக்கும்தான். இலங்கையில் எஃப்எம் 87.5இல் தொடங்கி 108 வரை போகுது. அதனால காரை இறக்கின முதல் நாளே தெரியும், எங்கட தமிழ் வானொலி ஒன்றும் இதில் பிடிக்காது. பஞ்சிகாவத்தைக்குப் போய் ஒரு கன்வெர்ட்டர் பூட்டலாம், பூட்டினால் எல்லா ஸ்டேஷனும் இடம் மாறி, வேற எண்ணில் வரும், இரைச்சலோடு வரும். அதைவிட சிடி ஒன்றைச் செருகுவது லேசு. எங்கட அப்பாமார் டிஸ்க்குக்குப் போனது ரசனையால் மட்டும் இல்லை. ரேடியோ வேலை செய்யல்ல.

பிறகு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு அது திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் அஞ்சு வருஷம் புதுக் கார் கிட்டத்தட்ட இல்லை. உலகம் முழுக்க கார் கம்பெனிகள் சிடி செட்டையே கைவிட்டுக்கொண்டு இருந்த காலத்தில், கொழும்பு பழைய கார்களையே திருத்தித் திருத்தி ஓட்டியது. அந்தக் கார்களோடு அந்தச் செட்டுகளும் நின்றன. சில செட்டுக்குள் ஹார்ட் டிஸ்க் இருக்கும், சிடியைச் செருகினால் பாட்டை உள்ளே சேமிச்சுக்கொள்ளும். அதுல பழைய ஜப்பான்காரர் விட்டுப்போன பாட்டுகள் இன்னும் கிடக்கும். ஒசாக்காவிலோ எங்கேயோ ஒரு மனுசன் கேட்ட பாட்டுகள் அல்பம் பெயர், பாடகர் பெயர், வரிசை எண் எல்லாம் ஒழுங்காக மட்டக்குளியில் சுத்துகின்றன. எங்கட பாட்டுக்கு அப்படி ஒரு ஒழுங்கு வாய்க்கல்ல. அந்த விஷயத்துக்குப் பிறகு வாறம்.

டிஸ்க் செய்தவர் யார் என்று முதலில் பார்ப்போம். ஒவ்வொரு சந்தியிலும் ஒரு கொமியுனிகேஷன் இருந்தது. போட்டோ கொப்பி, ரீலோட், ஐடீடீ கோல், அதோடு பாட்டும். அதற்கு முந்தின தலைமுறைக்கு ரெக்கோடிங் பார். பேப்பரில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்தால் 60 நிமிஷக் கசெட்டிலோ 90இலோ அடிச்சுத் தருவார்கள், ரெண்டு நாள் கழிச்சுப் போய் எடுக்க வேணும். சிடி வந்தபோது அதே லிஸ்ட் பழக்கம் அப்படியே தொடர்ந்தது. சாதாரண ஓடியோ சிடியாக அடிச்சால் 80 நிமிஷம், அஞ்சு நிமிஷப் பாட்டு பதினாறு. எம்பி3யாக அடிச்சால் அதே 700 எம்பியில் 128 கணக்குக்குப் பன்னிரண்டு மணித்தியாலம், நூற்று நாற்பதுக்கு மேல் பாட்டு. கொழும்பில் இருந்து யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தாலும் டிஸ்க் முடியாது. இங்கிலீஷில் சிடியை 'எரிக்கிறது' என்பார்கள். நாங்கள் 'அடிக்கிறது' என்றோம், 'ரைட் பண்றது' என்றோம். 81இல் நூலகம் எரிஞ்ச, 83இல் வெள்ளவத்தை எரிஞ்ச ஒரு சனத்தின் வாயில் அந்தச் சொல் வராமல் போனது நல்லதுதான்.

முகத்துவாரத்து த்ரீவீல் ஒன்றின் டிஸ்க்கைப் போட்டுப் பார்த்தால் இந்த ஊர் என்னவென்று விளங்கும். முதல் ஃபோல்டரில் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு, காளி கோயில் சந்தியில் இருந்துதானே முதல் ஹயர் வருகுது. அடுத்தது அந்தோனியார் பாட்டுகள். அதற்குப் பிறகு நாகூர் ஹனிபா. ஓட்டுகிறவர் சைவமா வேதமா இஸ்லாமா என்று டிஸ்க்கை வச்சுச் சொல்லவே ஏலாது, ஏறுகிறவரைப் பார்த்து ஃபோல்டர் மாத்துவார். பிறகு பைலா, சிங்களப் பாட்டு, ஹிந்திப் பாட்டு. மிச்சம் முழுக்க இளையராஜா, தேவா, ரஹ்மான். இந்த வரிசையை எந்தச் செயலியும் உங்களுக்குப் போட்டுத் தராது. நீங்கள் நேற்றுக் கேட்டதைத்தான் அது இன்றைக்கும் போடும். டிஸ்க்கில் இருந்தது ஏறப்போகிற ஆளைப் பற்றின நினைப்பு.

யுத்த காலத்தைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. செக் பொயின்ற் கிட்ட வரும்போது கை தானாகவே வொல்யூமுக்குப் போகும் என்று வீட்டில் கேட்டால் சொல்வார்கள். போட்டிருந்தது 'காதலன்' பாட்டாக இருக்கலாம், 'அலைபாயுதே'யாக இருக்கலாம். தமிழ் என்பதே போதும், வண்டியை ஓரம் கட்டச் சொல்ல. 2007 ஜூன் 7ஆம் தேதி கொழும்பு லொட்ஜ்களில் இருந்து முன்னூறுக்கு மேற்பட்ட தமிழர்களை பஸ்ஸில் ஏத்தி வடக்குக் கிழக்குக்கு அனுப்பின காலம் அது. அடுத்த நாள் உயர் நீதிமன்றம் தடை போட்டது, ஆனால் பயத்துக்கு யாரும் தடை போடல்ல. அந்த நாட்களில் தமிழில் எழுதின டிஸ்க் ஒன்று காரில் கிடந்தால் அதில் என்ன இருக்கு என்று விளக்கம் சொல்ல வேணும். 'மிக்ஸ் 4' என்று இங்கிலீஷில் எழுதினால் கேள்வி குறையும். இன்றைக்கு எங்கட கையில் இருக்கிற டிஸ்க்குகளில் பாதிக்குப் பெயரே இல்லாததற்கு இது ஒரு காரணம். சோம்பல் என்று நினைக்காதீங்க.

மற்றக் காரணம் செட்டு. அந்தக் காலத்துக் கார் டிஸ்ப்ளேயில் தமிழ் எழுத்து வராது. கோடு கோடாக, கட்டம் கட்டமாக வரும். அதனால கோப்புக்கும் தமிழில் பெயர் வைக்கவில்லை. 'ட்ராக் 07' என்று விட்டார்கள். எம்பி3 கோப்பின் வாலில் பழைய முறைப்படி ஒரு சின்ன இடம் இருக்கு, வெறும் 128 பைட். அதுல பாட்டின் பெயருக்கு 30 எழுத்து, பாடினவருக்கு 30 எழுத்து. அந்த முப்பது எழுத்திலும் பாட்டைக் களவாக இறக்க விட்ட இணையத்தளம் தன்ட பெயரை எழுதி வச்சது. ஆயிரம் பாட்டு இருக்கும், ஆயிரத்தையும் பாடினவர் ஏதோ ஒரு டொட் கொம்.

இப்ப பெரியவர்களிடம் வருவோம். கள்ள சிடி எங்கட கலைஞர்மாரை அழிச்சது என்கிறீங்க. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தை எடுத்துக் காட்டுறீங்க. சட்டம் சரி. ஆனால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்க. எங்கட கலைஞரின் ஒரிஜினல் சிடி எந்தக் கடையில் விற்றது? காலி வீதியில் இருந்து செட்டியார் தெரு வரைக்கும் கடைக்குக் கடை சென்னைப் பாட்டு. உள்ளூர் தமிழ்ப் பாட்டு ஒரு மூலையில் இருந்தால் அதிசயம். வானொலிகள் நாள் முழுக்க எதைப் போட்டன? விளம்பரதாரர் எதைக் கேட்டார்? கடையில் இல்லாத, ரேடியோவில் வராத பாட்டைக் களவெடுக்க முடியாது. அந்தப் பாட்டு ஒரு ஊரில் இருந்து இன்னொரு ஊருக்குப் போனதே கொப்பி அடிச்ச டிஸ்க்கால்தான். தன் கைக்காசு போட்டு ஐந்நூறு டிஸ்க் அடிச்சு, நிகழ்ச்சி முடிஞ்ச பிறகு வாசலில் நின்று விற்ற பாடகர்மாருக்கு நட்டம் வந்தது உண்மை. அதை மறைக்க மாட்டோம். ஆனால் அவர்களுக்கு மேடை, ஒளிபரப்பு, கடைத் தட்டு எதுவும் கொடுக்காதவர்கள் கொமியுனிகேஷன் கடைப் பெடியன்மேல் மட்டும் பழியைப் போடுவது அநியாயம்.

கொமியுனிகேஷன்காரர் செய்த உண்மையான அநியாயம் பெயர் விஷயம்தான். அதில் அவருக்கு நாங்கள் வக்காலத்து வாங்கப் போவதில்லை.

2006இல் கிரிஷான் மகேசனின் 'ஏசியன் அவெனியூ' வந்தது. கொழும்புத் தமிழில், எங்கட வாயில் வருகிற மாதிரி ராப். ஸ்கூல் வேனில், கிரிக்கெட் மைதானத்தில், நிறையப் பேர் கேட்டது கொப்பியில்தான். பாட்டு பரவினது, அல்பம் பரவல்ல. எந்தப் பாட்டு எந்த வரிசையில் இருந்தது, யார் இசை, யார் கூடப் பாடினது என்பது கொப்பியில் இல்லை. தினேஷ் கனகரத்தினம், ஏடிகே என்று இப்ப எல்லாருக்கும் தெரியும், 2009இல் 'டிஎன் 07 ஏஎல் 4777' படத்தில் விஜய் அன்டனியின் இசையில் 'ஆத்திச்சூடி' பாடினார். இங்கத்தைய பெடியன் ஒருத்தன்ட குரல் சென்னைக்குப் போய், சென்னைப் பாட்டாகத் திரும்பி எங்கட டிஸ்க்குக்கு வந்தது. கோப்பின் பெயரில் படம் இருக்கும், இசையமைப்பாளர் இருப்பார். பாடினவர் பக்கத்துத் தெருவுக்காரராக இருக்கலாம் என்று கேட்டவருக்கு எப்படித் தெரியும்?

அதற்கும் பின்னால் போங்க. எழுபதுகளின் பொப் இசை. நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன், எம்.பி. பரமேஷ். 'சின்ன மாமியே' இல்லாத கலியாண வீடு இல்லை, 'சுராங்கனி' இல்லாத சுற்றுலா பஸ் இல்லை. மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். அன்றைக்கு எல்லாரும் ரெண்டு பாட்டைத்தான் பகிர்ந்தார்கள், அதே ரெண்டு. மிச்சம் எங்கே? இசைத்தட்டுகள் சில வீடுகளில் இருக்கு, சில வீடுகளோடு போய்விட்டது. வானொலிக் களஞ்சியம் எங்களைப் போன்றவர்களுக்குத் திறந்த கதவு இல்லை. எங்கட ஊகம் இது: ஒரு நல்ல பங்கு கசெட்டில் இருந்து எம்பி3 ஆகி, சுரண்டல் சத்தத்தோடு, யாரோ ஒருவரின் டிஸ்க்கில் 'ஓல்ட் பைலா' என்ற ஃபோல்டருக்குள் கிடக்குது. 96 கேபிபிஎஸ்ஸாக இருக்கலாம். அந்தப் பாட்டுக்கு அந்த 96தான் ஒரிஜினல், வேறெதுவும் மிஞ்சாவிட்டால்.

இது எங்கட பிரச்சினை மட்டும் இல்லை. மாலி நாட்டின் வடக்கில் கிடால் என்ற ஊரில் சனங்கள் போன் மெமரி கார்ட்டில் பாட்டு மாத்திக்கொள்வதை கிறிஸ்டோபர் கேர்க்லி என்ற அமெரிக்கர் கவனிச்சார். எங்கட 'சிப்' அடிக்கிற கடை மாதிரியேதான். கோப்புகளுக்குப் பெயர் ஒழுங்காக இல்லை, சத்தம் மோசம். அவர் அதைக் குப்பை என்று விடல்ல. சேர்த்தார், பாடினவர்களைத் தேடி ஒவ்வொருவராகப் பிடிச்சார், பிறகு 'மியூசிக் ஃப்ரம் சஹாரன் செல்ஃபோன்ஸ்' என்று இசைத்தட்டாக வெளியிட்டார். பெயர் போட்டு, அவர்களுக்குப் பங்கு கொடுத்து. ஒரு வெளிநாட்டுக்காரர் வந்துதான் செய்ய வேணும் என்பதில்லை. எங்கட ஊரில் அந்தத் தேடுதலுக்கு விமானம் ஏறவும் தேவையில்லை, 155 பஸ்ஸில் ஏறினால் பாதி ஆட்களைப் பிடிக்கலாம்.

"எல்லாம் யூடியூபில் இருக்குதானே" என்று எங்கட வயசுக்காரர் சொல்வீங்க. ஸ்பொட்டிஃபை இலங்கைக்கு வந்தது 2021இல், அதுக்குப் பிறகு ஏன் டிஸ்க் என்பீங்க. 2022 மறந்துபோச்சா? மார்ச் 31ஆம் தேதி பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லை. கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் டவரும் போகும். பெற்றோல் வரிசையில் ரெண்டு நாள் காரோடு படுத்துக் கிடந்தவர்களுக்கு போனில் சிக்னலும் இல்லை, சார்ஜும் இல்லை. பேட்டரியைப் பார்த்துப் பார்த்து ஒரு மணித்தியாலம் செட்டைப் போட்டவர்கள் கேட்டது எதை? அதே 'மிக்ஸ் 4'. செப்டெம்பரில் மொபைல் கட்டணமும் இருபது வீதம் கூடினது. அது இருக்கட்டும், அதைவிட எளிய விஷயம்: இன்றைக்கு ஒரு பாட்டு செயலியில் இருக்கு, நாளைக்கு உரிமைத் தகராறு வந்தால் இல்லை, உங்களிடம் யாரும் கேட்கப் போவதும் இல்லை. உள்ளூர்ப் பாட்டுக்கோ அந்தத் தகராறுகூட வராது. அது ஏறவே இல்லை.

டிஸ்க்கும் என்றைக்கும் நிற்காது, அதனாலதான் இந்த அவசரம். கடையில் வாங்குகிற அச்சு சிடியில் பாட்டு பிளாஸ்டிக்கில் குழியாகப் பதிஞ்சிருக்கு. நாங்கள் அடிக்கிற டிஸ்க்கில் குழி இல்லை, ஒரு சாயப் படலம் இருக்கு. ரைட்டரின் லேசர் அதைச் சுட்டு நிறம் மாத்துது, அவ்வளவுதான். அந்தச் சாயம் வெயிலுக்கு வெளிறும், சூட்டுக்கு மாறும். கொழும்பு வெயிலில் கண்ணாடி மூடி நிறுத்தின காரின் டேஷ்போர்டைத் தொட்டுப் பாருங்க. பதினைஞ்சு இருபது வருஷம் அங்கே கிடந்த டிஸ்க் இன்னும் பாடுது என்றால் அது அதிர்ஷ்டம். எல்லாரும் கீழ்ப்பக்கக் கீறலுக்குப் பயப்படுவார்கள். சிடியில் உண்மையான ஆபத்து மேல்பக்கம். சாயமும் பளபளப்புப் படலமும் பெயர் எழுதுகிற பக்கத்துக்குச் சட்டென்று கீழே, மெல்லிய வார்னிஷ் ஒன்றுக்கு அடியில் இருக்கு. அங்கே போல்பொயின்ற் பேனையால் அழுத்தி எழுதினால் பாட்டின்மேல் உழுத மாதிரி. கடதாசி லேபிள் ஒட்டினதும் மோசம், சூட்டில் உரிஞ்சு செட்டுக்குள் ஒட்டிக்கொள்ளும், டிஸ்க்கும் வராது செட்டும் பாடாது.

ஆகவே எங்கட வேண்டுகோள் சிம்பிள். வீசாதீங்க. வீட்டில், அப்பாட காரில், மாமாட பழைய வேனில் உள்ள கை எழுத்து டிஸ்க்குகளை எடுத்துக் கம்பியூட்டரில் முழுசாக இறக்குங்க, ஃபோல்டர் வரிசையையும் அப்படியே வச்சு. 320 ஆக்கவேணாம், எந்த அளவில் இருக்கோ அதே அளவில் கொப்பி பண்ணுங்க. அழகாக்குகிறோம் என்று இரைச்சலைத் துடைக்கவும் வேணாம், துடைக்கிற வேலையைப் பிறகு யாரும் செய்யலாம். வானொலி அறிவிப்பாளரின் குரல் பாட்டின் நடுவில் வந்தால் கொண்டாடுங்க, அந்தக் குரல்தான் தேதியைச் சொல்லும். பிறகு டிஸ்க் அடிச்சவரையோ அடிச்சு வாங்கினவரையோ பக்கத்தில் இருத்தி, ஒவ்வொரு பாட்டாகப் போட்டுக் கேளுங்க: இது யார், எங்கே கிடைச்சது, எந்த வருஷம். சொன்னதைக் கோப்பில் தமிழிலேயே எழுதுங்க, இப்பத்தைய முறையில் தமிழ் ஏறும். சென்னைப் பாட்டுக்கு நேரம் செலவழிக்காதீங்க, அதைக் காக்க ஆட்கள் இருக்கிறார்கள். உள்ளூர்ப் பாட்டு, கோயில் திருவிழா ரெக்கோடிங், தேவாலயப் பாடகர் குழு, பள்ளிக்கூட மேடை, பக்கத்து வீட்டு பேண்டின் ரிஹர்சல், இவைதான் வேணும். நூலக நிறுவனம் புத்தகத்தோடு நிற்காமல் 'ஆவணகம்' என்ற தளத்தில் ஒலிப்பதிவுகளையும் சேர்த்து வைக்குது. பாடினவர் உயிரோடு இருந்தால் அவரிடம் கேட்டுவிட்டு அங்கே கொடுங்க. அவர் விற்க விரும்பினால் விற்கட்டும், நாங்கள் வாங்குவோம், இந்த முறை காசு கொடுத்து.

லாப்டொப்பில் வாசிக்காத டிஸ்க்கை உடனே கைவிடவும் வேணாம். ஒரு ட்ரைவ் வாசிக்காததை இன்னொன்று வாசிக்கும். பழைய டெஸ்க்டொப் சிடி ரைட்டர் இருந்தால் முதலில் அதில் போட்டுப் பாருங்க, வேகத்தைக் குறைச்சுப் போடுங்க. அதிலும் வரல்ல என்றால் காருக்கே கொண்டுபோய், செட்டில் ஓக்ஸ் அவுட் இருந்தால் வயர் போட்டு, இல்லாவிட்டால் கண்ணாடியை மூடி ஸ்பீக்கருக்கு முன்னால் போனை வச்சு ரெக்கோட் பண்ணுங்க. எஞ்சினை ஓஃப் பண்ணிவிட்டு.